அவர் கேட்காத பெயர்

அவள் நாளிதழ் நிருபர். அவள் கணவர் பாதுகாப்புத் துறையில் செய்தித் தொடர்பு அதிகாரி. ஆபீஸ் விவகாரம் வீட்டுக்குள் வரக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே பேசிவைத்திருந்தார்கள். சண்டை போட ஈரத் துண்டும் ஃபேன் வேகமும் போதுமானதாக இருந்தன.

ஒருநாள் துறைக்குள் இருக்கும் ஒருவர் அவளை ரகசியமாகச் சந்தித்து, எல்லையில் நிற்கும் வீரர்கள் அணியும் குண்டு துளைக்காத சட்டை ஒன்றைக் காட்டினார். சோதனையில் சுட்ட குண்டு சட்டையின் மார்புப் பக்கம் நுழைந்து முதுகுப் பக்கம் வெளியேறியிருந்தது. அந்த ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டுப் பார்த்தாள். தாராளமாகப் போயிற்று. இது தெரிந்தும் அதே சட்டைகளைத்தான் எல்லைச் சாவடிகளுக்கு அனுப்பியிருந்தார்கள்.

அவள் இன்னும் இருவரிடம் விசாரித்து உறுதிப்படுத்திக்கொண்டு, துறையிடம் விளக்கம் கேட்டாள். விளக்கம் நேரிலேயே வந்தது. பத்திரிகை ஆசிரியரின் அறையில் அவள் உட்கார்ந்திருந்தபோது உள்ளே நுழைந்தவர் அவள் கணவர். காலையில் அவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த அதே நீலச் சட்டை.

"வணக்கம் மேடம்," என்றார் அவர்.

ஆசிரியர் இருமுவதுபோல் சிரிப்பை மறைத்தார்.

"இந்தச் செய்தியைப் போட்டீங்கன்னா," என்றார் கணவர், "எந்தச் சாவடியில சுட்டா ஆள் விழுவான்னு எதிரிக்கு நாமே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடும்."

"போடலைன்னா, விழப்போறவனுக்குக் கடைசி வரைக்கும் தெரியாது. மாத்துச் சட்டை எப்ப வரும், சார்?"

அவர் மேசையைப் பார்த்தார். "அதை எனக்கே சொல்லலை."

அவர் போனபின் அவள் செய்தியைத் திருத்தி எழுதினாள். சாவடிகளின் பெயர், எண்ணிக்கை, எந்தச் சரக்கு எங்கே போனது என்பதையெல்லாம் நீக்கினாள். கோளாறையும், தெரிந்தே அனுப்பியதையும் அப்படியே விட்டாள். முதல் பக்கத்தில் வந்தது. நாடே கொந்தளித்தது. மாதம் முடிவதற்குள் புதுச் சட்டைகள் எல்லைக்குப் போய்விட்டன.

ஆனால் விஷயம் எப்படி வெளியே கசிந்தது என்று துறை தேடியபோது, எல்லார் விரலும் அவள் கணவர் பக்கம் நீண்டது. மனைவி நிருபர், வேறென்ன சாட்சி வேண்டும்? போனைப் பிடுங்கிக்கொண்டார்கள். தினமும் விசாரணை.

ஒரு மாலை, இருவரும் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் முகம் வாடிக் கிடந்தது. அவளுக்குத் தாங்கவில்லை.

"நான் ஒரே ஒரு பேரைச் சொன்னா போதும். நாளைக்கே உங்களை விட்டுடுவாங்க."

"அந்த ஆளு?"

"ஜெயிலுக்குத்தான்."

"அப்போ சொல்லாதே. என்கிட்டயும் சொல்லிடாதே. நாளைக்கு மறுபடி கேப்பாங்க. தெரியாதுன்னு நான் நிஜமா சொல்லணும்."

"என்மேல கோபமே இல்லையா?"

"இல்லாம என்ன? உங்க ஆசிரியர் முன்னாடி என்னைப் போய் சார்ங்கிறே!"

அவள் சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையானது. அவர் தோளில் கிடந்த போர்வையோடு சேர்த்து அவளை அணைத்துக்கொண்டார்.

"சாவடிப் பேரையெல்லாம் எடுத்துட்டியே. நான் சொன்னதுக்காகவா?"

"நீங்க சொன்னது சரிங்கிறதுக்காக."

"பாதி சரி," என்றார் அவர். "மீதி உன் பக்கம்."

குற்றம் நிரூபணமாகவில்லை. சந்தேகமும் தீரவில்லை. வரவேண்டிய பதவி உயர்வு போயிற்று. ஓய்வுபெற்ற வீரர்களின் பென்ஷன் பிரிவுக்குத் தூக்கிப் போட்டார்கள். அந்தப் பழைய கட்டடம் அவளுடைய பத்திரிகை அலுவலகத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. இப்போது மத்தியானம் இருவரும் அதன் வாசல் மரத்தடியில் சேர்ந்து சாப்பிடுகிறார்கள். செய்தி வேலையில் அவள் வர எவ்வளவு தாமதமானாலும், அவர் டிபன் டப்பாவைத் திறக்காமல் தெருமுனையைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.