இடப்பக்கச் சீசா

அந்தமானில், மாயாபந்தர் படகு ஜெட்டியில் வந்து இறங்கிய மறுநாள் காலையே பக்தவத்சலம் டாக்டர் எலி அறைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். வாயே திறக்கவில்லை. இந்திராணிக்கு அது பிடித்திருந்தது. பேசாத மனிதர்களோடு அவளுக்கு என்றுமே தகராறு வந்ததில்லை.

அவர் வந்த காரணம் அவளுக்குத் தெரியும். ஆராய்ச்சியைத் தொடங்கிய கோவிந்தராஜ் டாக்டர் எழுபத்திரண்டு ஜனவரியில் மஞ்சள்காமாலையோடு மெயின்லேண்டுக்குக் கப்பலேறினார். திரும்பி வரவில்லை. லேப் உதவியாளரான அவள்தான் மூன்று மாதமாக இருபத்து நான்கு எலிகளை வைத்துக்கொண்டு வேலையை நடத்தினாள், முடிவுகளை அனுப்பினாள். மெட்ராஸில் யாரும் நம்பவில்லை. நேரில் போய்ப் பார்த்துவிட்டு, பொய்யென்றால் எலிகளைக் கொன்று அறையைப் பூட்டிவிட்டு வரும்படி இவரை அனுப்பியிருந்தார்கள். ஐந்தாம் நாள் காலை அவருக்குத் திரும்பிப் போகப் படகு.

மூளைக்குள் செரட்டோனின் என்று ஒரு பொருள் ஓடுகிறது. படகுக்கு ஜெட்டி போல, அது வந்து ஒட்டிக்கொள்ள மூளையின் உயிரணுக்களில் ஏற்பிகள் இருக்கின்றன. அந்த ஏற்பிகளை ஒரு மருந்தால் அடைத்துவிட்டால் சாராயம் தரும் சுகம் குறையுமா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு கூண்டின் மூடியிலும் இரண்டு சீசா தொங்கும். ஒன்றில் தண்ணீர், மற்றதில் தண்ணீர் கலந்த ஸ்பிரிட். எல்லாமே குடித்துப் பழகிய எலிகள். பன்னிரண்டுக்கு மருந்து ஊசி, பன்னிரண்டுக்கு வெறும் உப்புநீர் ஊசி. மருந்து ஏறிய எலிகள் முன்பு குடித்ததில் கால்பங்குகூடக் குடிக்கவில்லை. இதைத்தான் அவள் எழுதி அனுப்பியிருந்தாள்.

அட்டெண்டர் ஜெய்னுதீன் சீசாக்களை மாட்டிக்கொண்டே வந்தார். எட்டாவது கூண்டில் டாக்டர் வாய் திறந்தார்.

"பாய், ஸ்பிரிட் சீசாவை எல்லாத்துலயும் இடப்பக்கமே மாட்டுறீங்களே?"

"இடது கையிலதானே சாப் இருக்கு."

"ஏன், வலது கைக்கு என்ன?"

"சோறு திங்கிற கை சாப். அதால சரக்கைத் தொடுவேனா? சம்பளத்துக்காக இந்த ஒரு கையைக் குடுத்திருக்கேன், அது போதும்."

இந்திராணியின் பென்சில் நின்றுவிட்டது. அவள் மடியில் இருந்த பதிவேட்டில், மூன்று மாதமும் ஒவ்வொரு நாளுக்கும் எதிரே அவள் கையெழுத்தில் இருந்தது: 'பக்கம் மாற்றப்பட்டது.' சீசாக்களை நிறுப்பது அவள் வேலை, அதுவும் அடுத்த அறையில். மாட்டுவது பாய் வேலை. தினமும் பக்கம் மாற்றச் சொல்லியிருந்தாள். மாறியிருக்கும் என்று எழுதினாள். ஒருநாள்கூட வந்து பார்க்கவில்லை.

"எலிக்கு எந்தப் பக்கமா இருந்தா என்னன்னு நெனச்சேன் தங்கச்சி," என்றார் ஜெய்னுதீன். குரல் இறங்கிவிட்டது.

டாக்டர் அவளைப் பார்த்தார். "மருந்து மூளைக்குத்தானே போகுது? போய் எலியை வலப்பக்கமாவே திருப்பி விட்டிருந்தா? உங்க எலி சாராயத்தை வேண்டாம்னு சொல்லலம்மா. வலப்பக்கம் திரும்பியிருக்கு, அவ்வளவுதான்."

இந்திராணி பதிவேட்டைப் பார்த்தாள். கூண்டுகளில் எலிகள் மரத்தூளைப் பறித்துக்கொண்டிருந்தன. பிழை பாயுடையது என்று சொல்லிவிடலாம், அது பாதி உண்மையும்கூட. மீதிப் பாதி அவள் மடியில் இருந்தது. பென்சிலை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தாள். 'இதுவரை பக்கம் மாற்றப்படவில்லை. நான் பார்க்காமல் எழுதினேன்.' கீழே கையெழுத்துப் போட்டு அவரிடம் நீட்டினாள்.

"நாலு நாள் இருக்கு சார். இன்னைக்கே மாத்திடறேன்."

"மாத்தினா மூணு மாச வேலையும் கவிழ்ந்துடலாம்."

"கவிழட்டும் சார். தெரிஞ்சு கவிழட்டும்."

அவள் ஸ்பிரிட் சீசாவுக்குக் கை நீட்டியபோது ஜெய்னுதீன் குறுக்கே வந்தார். "நீ எழுதுற வேலையப் பாரு தங்கச்சி. மாட்டுறது என் டியூட்டி." கூண்டுகள் இருந்த அலமாரியைச் சுவரிலிருந்து இழுத்து, பின்பக்கம் புகுந்து நின்றுகொண்டார். "இப்ப என் இடது கை எங்க இருக்கு, பாருங்க சாப். கூண்டுக்கு வலது பக்கம். தீக் ஹை? சரிதானே?"

டாக்டர் சிரித்துவிட்டார்.

மறுநாள் காலை சீசாக்களை அவரே நிறுத்தார். உப்புநீர் எலிகள் ஸ்பிரிட்டைத் தேடிக்கொண்டு வலப்பக்கம் போயிருந்தன. மருந்து எலிகள் வலப்பக்கத்தை விட்டுவிட்டு இடப்பக்கத்துத் தண்ணீருக்கு வந்திருந்தன. பன்னிரண்டில் பதினொன்று. டாக்டர் தராசைத் துடைத்துவிட்டு மறுபடி நிறுத்தார். அதே எடை.

"சரி," என்றார் மெல்ல. "நாக்கு செத்துப்போயிருந்தா? காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி இறங்காத மாதிரி, எதுவுமே பிடிக்காமப் போயிருக்கலாமே?"

அது நியாயமான கேள்வி. சாப்பிடும்போதும் அது அவளோடு இருந்தது. சாராயம் மட்டும் வேண்டாமா, சுகமே வேண்டாமா? எலிக்கு இனிப்பென்றால் உயிர். மருந்து ஏறிய எலி இனிப்பையும் ஒதுக்கினால் அவள் தோற்றாள். மூன்றாம் நாள் விடியலில் ஜெய்னுதீனிடம் பத்து இளநீர் கேட்டாள்.

"இதுக்கு ரெண்டு கையும் வரும்," என்று சொல்லிக்கொண்டே அவர் சீவிக் கொடுத்தார்.

இளநீர் வெக்கையில் புளித்துவிடும். அதனால் காலை ஆறு முதல் பத்து வரை மட்டும், ஸ்பிரிட் இருந்த சீசாவில் இளநீர். இரண்டு நாள், பக்கம் மாற்றி மாற்றி. ஒவ்வொரு முறையும் அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.

நான்காம் நாள் பத்து மணி. தராசைப் படிக்கும்படி டாக்டர் அவளிடம் சொன்னார். பதிவேட்டை அவர் வாங்கிக்கொண்டார்.

உப்புநீர் எலிகள் குடித்த இளநீரை முதலில் படித்தாள், கிராம் கணக்கில். இருபத்தொன்று. பத்தொன்பது. இருபது. அவளுக்கே கேட்காத குரல். பிறகு மருந்து எலிகள். முதல் கூண்டு, இருபது. இரண்டாவது, இருபத்திரண்டு. மூன்றாவது, பத்தொன்பது. மருந்து ஏறிய எலிகளும் இளநீரை அதே அளவு குடித்திருந்தன. ஐந்தாவதில் அவள் குரல் ஏறியது. எட்டாவதில் பக்கத்து டிஸ்பென்சரியிலிருந்து இரண்டு பேர் ஜன்னலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்கள். அவள் நிறுத்தவில்லை. பன்னிரண்டாவது, இருபத்து மூன்று. சுகம் அப்படியே இருந்தது. சாராயத்தின் சுகம் மட்டும் வந்து சேர இடமில்லாமல் திரும்பிப் போயிருந்தது.

"இது ஜோடிச்ச கணக்குன்னு மெட்ராஸ்ல முதல்ல சொன்னது நான்தான்," என்றார் டாக்டர், எழுதியதிலிருந்து தலை நிமிராமல்.

"தெரியும் சார். மெட்ராஸ்லருந்து எனக்கு வந்த கடிதத்துல உங்க கையெழுத்து இருந்தது."

அவர் பதிவேட்டைத் திருப்பி, அவள் பிழையை ஒப்புக்கொண்ட பக்கத்துக்கு வந்தார். "இதையும் கட்டுரையில சேர்க்கணும். இது இருக்கறதாலதான் மத்ததை நம்புவாங்க." பிறகு ஒரு காகிதத்தில் கட்டுரைத் தலைப்பைப் போட்டு, அதன் கீழே கோவிந்தராஜின் பெயரை எழுதி, பக்கத்தில் அவள் பெயரை எழுதினார். தன் பெயரை எழுதவில்லை. "மருந்து அடுத்த கப்பல்ல வரும். ஆறு மாசத்துக்கு. எலிகளை நல்லாப் பார்த்துக்குங்க."

இந்திராணி காகிதத்தை வாங்கி, ஜன்னலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி, இரண்டு பெயர்களையும் உரக்கப் படித்தாள்.