ஷிப்ட் மாறும் ஆட்டம்

ஓசூரில் எனக்கு முதல் ஷிப்ட் என்றால் என் வீட்டுக்காரர் ஹரீஷ்குமாருக்கு இரண்டாவது. நான் மூன்று மணிக்கு வீடு திரும்பும்போது அவர் கம்பெனிக்குப் போயிருப்பார்.

வீட்டில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் டூ. மெமரி கார்டு கிடையாது. அணைத்தால் ஆட்டம் முதலிலிருந்துதான். அதனால் அதை அணைக்கவே மாட்டோம். காலையில் அவர் ஆடிவிட்டு, கம்பெனியில் ஷிப்ட் மாறும்போது எழுதிவைப்பதுபோல, டிவியில் சீட்டு ஒட்டிவிட்டுப் போவார்: "மூணாவது பாலம் தாண்டியாச்சு. வலது பக்கம் போவாத, ஓநாய் நிக்குது." மாலையில் நான் தொடர்வேன். பன்னிரண்டு நாளில் கடைசிக் கோட்டைக்கே வந்துவிட்டோம்.

அன்று விடியற்காலை கிளம்பும் அவசரத்தில், கம்பெனியில் மெஷின் லைனை நிறுத்துகிற பழக்கத்தில், கை தானாகப் போய் பிளேஸ்டேஷன் சுவிட்சை அணைத்துவிட்டது. கம்பெனி பஸ்ஸில் ஏறிய பிறகுதான் உறைத்தது.

"வெளையாட்டுதானடி, விடு," என்றாள், நான் புலம்பியதைக் கேட்ட பக்கத்து சீட் மாதேஸ்வரி.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளுக்கென்ன, அவளும் அவள் புருஷனும் ஒரே ஷிப்ட்.

கம்பெனியில் மெஷின் நின்றால் காரணம் எழுத வேண்டும். என்ன நடந்திருந்தாலும் சூப்பர்வைசர் எழுதுவது 'ஆபரேட்டர் தவறு'தான். அதையே எதிர்பார்த்துக்கொண்டு மூன்று மணிக்கு வீட்டுக் கதவைத் திறந்தேன்.

டிவியில் சீட்டு இருந்தது.

"மெஷின் நின்னுபோச்சு. காரணம்: ஆள் பத்தல. ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் சேந்து முதல்லேர்ந்து ஓட்டலாம்."

கீழே, இத்தனை நாள் கவர் பிரிக்காமலே கிடந்த இரண்டாவது ஜாய்ஸ்டிக் செருகப்பட்டிருந்தது.