இடப்பக்கமே திரும்பும் படகு

சுற்றுலாப் படகின் முன்னால் கடலைப் பார்த்து நின்று, மைக் பிடித்து, எங்கே டால்பின், எங்கே ஆலாப் பறவை என்று காட்டுவது தம்பியின் வேலை. சுக்கான் அக்காவின் கையில். படகும் அக்காவுடையதுதான். மூன்று மாதமாகத் தம்பிக்கு வலது கண்ணில் பனி மூடியதுபோல் ஒன்றுமே தெரியவில்லை. விஷயம் அக்கா காதுக்குப் போனால் மைக் போய்விடும் என்று மூச்சுக் காட்டாமல் இருந்தான். பேசுவதைத் தவிர அவனுக்கு வேறு என்ன தெரியும்?

ஆனால் இன்று அவன் தலையைப் பிய்த்துக்கொண்டது கண்ணால் அல்ல, அக்காவால். அவள் இருக்கை வலது ஓரம். எந்த உயிரினத்தை நெருங்கினாலும் அது வலப்பக்கம் இருக்கும்படிதான் படகைக் கொண்டுபோக வேண்டும். இருபது வருடமாக அவளே போட்ட சட்டம். இப்போதோ ஆமை வந்தாலும் இடப்பக்கம், ஆலாக் கூட்டம் மீன்மேல் பாய்ந்தாலும் இடப்பக்கம். வெயில் நேராகக் கேமராவில் அடிக்கிறது என்று பயணிகள் முணுமுணுத்தார்கள். வலப்பக்கம் எழும்பிய டால்பின்களைக்கூட, படகை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி இடப்பக்கம் கொண்டுவந்தாள். அதற்குள் பாதி போயே போய்விட்டன.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. அறுபதைத் தாண்டியவள், வலது எது, இடது எது என்பதே மறந்துவிட்டதா? பாவமாக இருந்தது. தன்னைப் பற்றிய கவலை கொஞ்சம் குறைந்ததுபோலவும் இருந்தது. அதை நினைத்து வெட்கமாகவும் இருந்தது.

மைக்கை அணைத்துவிட்டு அவளிடம் போனான்.

"அக்கா, கொஞ்ச நாள் வீட்ல இரேன். உனக்கு இப்பல்லாம் பக்கமே குழம்புது."

அக்கா கடலிலிருந்து பார்வையை எடுக்கவில்லை.

"வலது பக்கமா வந்தா உனக்குத் தெரியுமாடா?"

மைக் அணைந்துதான் இருக்கிறதா என்று தம்பி இன்னொரு முறை பார்த்தான். எப்போதிலிருந்து தெரியும் என்று ஒருவழியாகக் கேட்டான். வலப்பக்கம் இருந்த ஒரு பாறையைத் திமிங்கிலம் என்று சொல்லி, படகு முழுக்கக் கைதட்ட வைத்தானே, அன்றிலிருந்து என்றாள்.

"அப்பவே ஏன் கேக்கல?"

"நீயா சொல்லுவேன்னு பாத்தேன். டீசல்தான் தீருது, நீ வாயத் திறக்கல."

தம்பி திரும்பி வந்தான். மைக்கை மறுபடி இயக்கினான்.

"எனக்கு வலது கண்ணு தெரியாதுங்க. அந்தப் பக்கம் என்ன வந்தாலும் நீங்கதான் சொல்லணும்."

பயணிகள் வலப்பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு வலது ஓரத்தில் ஒரு பெண், தூரத்தில் கறுப்பாக ஏதோ தெரிகிறது, என்னவென்று தெரியவில்லை என்றாள்.

"எனக்கும் தெரியலம்மா," என்றான் தம்பி. "எப்படி இருக்கு, சொல்லுங்க."