ரகசிய எண் மனைவியிடம்

அலுவலகக் கம்ப்யூட்டருக்குள் நுழைய இனி பாஸ்வேர்டு மட்டும் போதாது, கைபேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணும் வேண்டும் என்று போன வாரம் புதுச் சட்டம் போட்டார்கள். கட்டட வரைபடம் போடும் நம் ஆள், கைபேசியைத் தொலைப்பதில் கைதேர்ந்தவர். அதனால் வெகு புத்திசாலித்தனமாக மனைவியின் எண்ணைக் கொடுத்துவைத்தார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்றால் இதுதான்.

நேற்று வீட்டுக்கு வந்திருந்த மனைவியின் அண்ணன், கேட் தூணில் கார் இடித்த தழும்பைப் பார்த்து "யார் வேலை?" என்று கேட்டார். "எல்லாம் உங்க தங்கச்சி கைங்கரியம்தான்" என்று மனைவியை வைத்துக்கொண்டே கூசாமல் புளுகினார் நம் ஆள். இடித்தது அவர். அதிலிருந்து அம்மணி முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்று காலையிலேயே வாடிக்கையாளர் வந்து உட்கார்ந்துவிட்டார். அவருடைய புது வீட்டு வரைபடம் கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் முதலாளி. வந்தவர் எழுந்து போனால் தன் வேலைக்கே வேட்டு என்று இவருக்குத் தெரியும். வேறு வழியில்லாமல் வீட்டுக்குப் போன் போட்டார்.

"ஏம்மா, நம்பர் ஏதாவது வந்திருக்கா?"

"வந்திருக்கு. நாலு, ஏழு, ஒண்ணு... அது சரி, தூணை இடிச்சது யாரு?"

"அதை அப்புறம் பேசலாமே..."

அந்த எண்ணுக்கு ஆயுள் அரை நிமிடம்தான். செத்துப்போனது. மறுபடி கேட்டார். மறுபடி மூன்று இலக்கம், மறுபடி தூண்.

"ஸ்பீக்கர்ல போடுங்க. எங்கண்ணன் முன்னாடிதானே சொன்னீங்க? இப்ப நாலு பேர் முன்னாடி உண்மையைச் சொல்லுங்க. அண்ணனும் பக்கத்துலதான் இருக்கார்."

போட்டார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இடிச்சது நான்தான். ரிவர்ஸ் எடுக்கும்போது சரியாப் பார்க்கலை. பழியை உன் மேல போட்டது தப்பு. மன்னிச்சுக்கோ."

புதிய எண்ணின் ஆறு இலக்கமும் மடமடவென்று வந்தன. திரை திறந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றாலும், நேற்றிலிருந்து நெஞ்சை அழுத்திய பாரம் இறங்கியதில் அவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

வாடிக்கையாளர் வரைபடத்தைக் குனிந்து பார்த்தார்.

"உங்க வீட்டு கேட்டை வரைஞ்சதும் நீங்கதானா?"

"ஆமா சார்."

"அப்ப நம்மளுதை இன்னும் ரெண்டடி அகலமாப் போட்டுடுங்க."

முதலாளி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "முதல்ல அந்த நம்பரை மாத்தித் தொலைங்கய்யா" என்றார்.

"என்னத்தை மாத்தப் போறாங்க?" என்றது மேஜை மேல் இருந்த போன். யாரும் அதை அணைத்திருக்கவில்லை.

"எதையும் மாத்தலைம்மா" என்றார் அவர்.