போதுமா கணக்கு

செத்த பிறகாவது அந்த மனுஷன் வாயை மூடுவார் என்று நினைத்தேன். எங்கே! உயிரோடு இருந்தபோது இருந்த அதே நாக்கு, அதே நக்கல்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நான் எதற்குப் புலம்புகிறேன் என்றே உங்களுக்குப் புரியாது. என் வீட்டுக்காரர் வேலை பார்த்த சரக்குக் கம்பெனியில் பதவி உயர்வுக்கு ஒரு பரீட்சை உண்டு. அதில் ஒரு பகுதி விசித்திரமானது. ஒரு கேள்வியைக் கொடுத்து, கீழே இரண்டு தகவல் கொடுப்பார்கள். விடையை யாரும் கேட்கவில்லை. விடை கண்டுபிடிக்க முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, தனித்தனியாகவே போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் போதுமா, சேர்ந்தாலும் போதாதா, அதைத்தான் கேட்பார்கள். புத்தகத்தில் அதற்கு ஏதோ வாயில் நுழையாத பெயர். எங்கள் வீட்டில் அது போதுமா கணக்கு.

அவருக்கு அதில் பைத்தியம். நான் வெங்காயம் நறுக்கும்போது சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துகொண்டு எனக்கு ஒவ்வொன்றாக வாசிப்பார். நான் சரியாகச் சொன்னால் ஒரு வார்த்தை பாராட்டு வராது, அடுத்த கணக்குக்குப் போய்விடுவார். தப்பாகச் சொன்னால் போதும், நாக்கை 'ச்சு' என்று கொட்டி, "அவசரக்குடுக்கை!" என்று ஆரம்பித்துவிடுவார். நான் தப்பு செய்வதில் அந்த ஆளுக்கு அப்படி ஒரு சந்தோஷம். கரண்டியைத் தூக்கி எறியலாமா என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

பரீட்சை எழுதாமலே போய்விட்டார். சரக்கு ஏற்றும் மேடையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கம்பெனி பெரிய மனது பண்ணி அவர் நாற்காலியில் என்னை உட்கார வைத்தது, தற்காலிகமாக. அந்த வருடப் பரீட்சையில் தேறினால் வேலை எனக்கு. தேறாவிட்டால் நாற்காலியும் போகும், கம்பெனி கொடுத்த வீடும் போகும். வீட்டில் நானும் அவருடைய அம்மாவும் மட்டும்தான். அத்தைக்கு அவர் ஒரே பிள்ளை, போக்கிடம் கிடையாது. அத்தையை அழைத்துக்கொண்டு எந்தத் தெருவில் போய் நிற்பேன்?

ஆகவே புத்தகத்தைத் திறந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வீடு முழுக்க வெளிச்சம். அடுத்தடுத்த மூன்று முழு எண்கள், அவற்றில் சின்னது எது? முதல் தகவல், மூன்றையும் பெருக்கினால் பூஜ்யம். இரண்டாவது தகவல், மூன்றையும் கூட்டினால் பூஜ்யம். பெருக்கினால் பூஜ்யம் என்றால் உள்ளே ஒரு பூஜ்யம் இருக்க வேண்டும். பூஜ்யம், ஒன்று, இரண்டு. சின்னது பூஜ்யம். முதல் தகவலே போதும் என்று எழுதினேன்.

என் வலது தோளுக்குப் பின்னால் 'ச்சு' என்று ஒரு சத்தம்.

"அவசரக்குடுக்கை! பூஜ்யத்துக்குக் கீழ யாருமே இல்லையா?"

தண்ணீர்ச் சொம்பைத் தட்டிவிட்டேன். திரும்பிப் பார்த்தால் சுவரும் நாட்காட்டியும்தான் இருந்தன. உடம்பெல்லாம் புல்லரித்து, கழுத்து திரும்பிய இடத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் பாருங்கள், அந்தப் பயத்திலும் புத்தி கணக்குக்குத்தான் போனது. கழித்தல் ஒன்று, பூஜ்யம், ஒன்று. பெருக்கினால் அதுவும் பூஜ்யம்தான். அப்படியானால் முதல் தகவல் போதாது. கூட்டினாலும் பூஜ்யம் வர வேண்டுமென்றால் நடுவில் பூஜ்யம் நின்றே ஆக வேண்டும். இரண்டாவது மட்டும் போதும். அடித்துவிட்டு மாற்றி எழுதினேன். சத்தம் நின்றுவிட்டது.

சொம்பு விழுந்த சத்தத்தில் அத்தை ஓடிவந்தார். "என்னம்மா, என்ன ஆச்சு?" பொய் சொல்ல வாய் வரவில்லை. சொன்னேன். அவர் கத்தவில்லை, பூசாரியைக் கூப்பிடலாம் என்று சொல்லவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்து, "எங்க நின்னான்? குரல் எப்படி இருந்துது? சளி கட்டுன மாதிரி இருந்துதா?" என்று கேட்டார். அவர் காதில் எதுவும் விழவில்லை. அன்றும் விழவில்லை, பிறகும் விழவில்லை.

அதற்குப் பிறகு இதுதான் எங்கள் வீட்டு வழக்கம். ஆபீஸ் விட்டு வந்து, முகம் கழுவி, நான் கணக்கு போடுவேன். அத்தை கதவோரம் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் தலையைத் தூக்கினால் போதும், "வந்தானா?" என்பார்.

வந்தார். வராமல் இருப்பாரா? அடுத்தடுத்த இரண்டு முழு எண்கள் எவை என்று ஒரு கணக்கு. பெருக்கினால் பன்னிரண்டு என்று முதல் தகவல், சின்ன எண் ஒற்றைப்படை என்று இரண்டாவது. மூன்றும் நான்கும்தானே, இரண்டாவது மட்டுமே போதும் என்று எழுதினேன்.

'ச்சு.' "ஒத்தப்படைன்னு மட்டும் சொன்னா அது மூணுன்னு உனக்கு யாரு சொன்னா? எழுபத்தேழா இருக்கக் கூடாதா? முதல் தகவலை மனசுல வெச்சுக்கிட்டே ரெண்டாவதைப் பாக்குற. அதை மறந்துட்டுப் பாரு."

"மறந்துட்டுப் பாருன்னு சுலபமா சொல்லிட்டீங்க," என்றேன். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தது. "மறக்கத் தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கேன்?"

தப்பைத் தவிர வேறு எதற்கும் அவர் வாய் திறப்பதில்லை. அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டுப் பார்த்தேன். அந்த மேடையில் ரொம்ப வலித்ததா என்று கேட்டேன். ம்ஹூம். அவர் வர வேண்டுமென்று ஒருநாள் வேண்டுமென்றே ஒரு கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். வரவில்லை. கள்ளத் தப்பு எது, நிஜத் தப்பு எது என்று அந்த ஆளுக்குத் தெரியாதா என்ன! அத்தையிடம் அதையும் சொல்லிச் சிரித்தேன். அவரும் சிரித்தார். "சின்ன வயசுலயே அப்படித்தான். அவனை ஏமாத்த முடியாது."

சிக்கல் என்னவென்றால், எனக்குக் கணக்கு வர ஆரம்பித்துவிட்டது. பூஜ்யத்துக்குக் கீழே எட்டிப் பார்க்கப் பழகிவிட்டேன். ஒன்றை மறந்துவிட்டு இன்னொன்றைப் பார்க்கவும் வந்துவிட்டது. பரீட்சை நெருங்க நெருங்க அவர் வருவது குறைந்தது. கடைசி வாரம் வரவே இல்லை. தேறிவிடுவேன் என்று நெஞ்சு துள்ளும், அந்த நிமிஷமே வலது தோள் பக்கம் திரும்பிப் பார்ப்பேன். வீட்டை வைத்துக்கொள்ள அவரை விட வேண்டுமா என்று இருந்தது.

"வந்தானா?"

"இல்ல அத்தை. எல்லாம் சரியா போட்டுட்டேன்."

"நல்லதுதாம்மா," என்பார் அத்தை. சொல்லிவிட்டு, மடித்த துணியையே பிரித்து மறுபடியும் மடிப்பார்.

பரீட்சை ஹாலில் மின்விசிறி கடகடவென்று ஆடியது. போதுமா கணக்குப் பகுதி வந்தது. அடுத்தடுத்த எண்களாகவே கேட்டிருந்தார்கள். ஒவ்வொன்றையும் எழுதிவிட்டு, பேனாவை வைத்துவிட்டு, வலது தோள் பக்கம் காதைக் கொடுத்தேன். சத்தம் இல்லை. அப்படியானால் சரி! அடுத்தது. சந்தேகமாக இருந்த இடத்தில் மனசுக்குத் தோன்றியதை எழுதிவிட்டுக் காத்திருந்தேன். சத்தம் இல்லை. சரி! பக்கத்தில் ஒருத்தன் நகத்தைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். எனக்கு என்ன கவலை, விடைத்தாளைத் திருத்துகிறவரே பின்னால் நிற்கும்போது?

வீட்டுக்கு ஓடிவந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒண்ணுகூட தப்பு இல்ல அத்தை! மனுஷன் வாயே திறக்கலை!" என்றேன். அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தார். அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம்.

முடிவு வந்த அன்று மேலாளர் தன் அறைக்குக் கூப்பிட்டார். "வாங்கம்மா, உக்காருங்க. பாஸ் பண்ணிட்டீங்க! இனிமே இது உங்க நாற்காலி. வீட்டைப் பத்தியும் கவலைப்பட வேண்டாம்." கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே கணினியைப் பார்த்தார். "மத்ததெல்லாம் பிரமாதம். இந்தத் தகவல் போதுமாங்குற பகுதியிலதான் கொஞ்சம் இடறிட்டீங்க. பத்துக்கு ஆறு."

"எவ்வளவு?"

"ஆறு. நாலு தப்பு. அதனால ஒண்ணும் மோசமில்லம்மா, அந்தப் பகுதியில எல்லாருமே சறுக்குவாங்க."

நாலு தப்பு. நாலும் நிஜத் தப்பு, நான் நம்பிப் போட்ட தப்பு. ஒன்றுக்குக்கூட அவர் வரவில்லை. சத்தம் வராததற்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் காரணம் இரண்டு. நான் சரியாகப் போட்டிருக்கலாம், இல்லையென்றால் திருத்துகிற ஆள் இல்லாமல் இருக்கலாம். இரண்டாவதை நான் எட்டிப் பார்க்கவே இல்லை. கடைசி வாரம் முழுக்கச் சரியாகத்தான் போட்டேனா? அதுவும் இனி எனக்குத் தெரியாது. இதைவிடப் பெரிய தப்பை நான் போட்டதே இல்லை. மேலாளர் ஏதோ பேசிக்கொண்டிருந்தார், நான் என் வலது தோளுக்குப் பின்னால் கேட்டுக்கொண்டிருந்தேன். இதற்காவது வாங்களேன், இதற்காவது ஒரு 'ச்சு' கொட்டுங்களேன்!

அங்கே ஏ.சி.யின் சத்தம் மட்டும்தான் இருந்தது.

வீட்டுக்குப் போனபோது அத்தை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். பாஸ் என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு தயங்கித் தயங்கி, "அந்தப் போதுமா கணக்கு?" என்றார்.

"பத்துக்குப் பத்து, அத்தை."

"அதானே பாத்தேன்!" அவர் முகம் அப்படி மலர்ந்தது. "ஒண்ணு தப்பா இருந்தாலும் அவன் விட்டிருப்பானா?"

செருப்பைக் கழற்றுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அத்தை சாப்பாட்டு மேஜையில் இருந்தார். எப்போதும் கதவோரம் உட்காருகிறவர், என் நாற்காலிக்கு வலது பக்கம், கொஞ்சம் பின்னால், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். பென்சிலும் சீவி வைத்திருந்தார்.

"பரீட்சைதான் முடிஞ்சுபோச்சே," என்றார். "இனிமே தப்பு வந்தா ஒண்ணும் குடி முழுகிடாதில்ல? வேணும்னு தப்பா போட்டா அவன் வரமாட்டான். கஷ்டமான கணக்கா பாத்து எடும்மா."