பின்னிறக்கை இல்லாத விருந்தாளி

எங்கள் ஸ்லொவேனியாவில் தேனீ என்றால் சாம்பல் நிறம்தான். வேறு நிறத்தில் ஒன்று பெட்டிப் பக்கம் பறந்தாலே, வேற்று ரத்தம் கலந்துவிட்டது என்று ஊர் பொங்கி எழும். என் தேனீக்கள் அசல் சாம்பல். அதைச் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஏறும், ஏறட்டுமே! ராணி வளர்த்து விற்கிறவளுக்கு அதுகூட இல்லாவிட்டால் எப்படி?

ஏப்ரலில், ராணி வளர்க்க அனுமதி தருவதற்கு முன், தேனீச் சங்கத் தலைவர் லுட்விக் என் பெட்டிகளைப் பார்க்க வந்தார். கூடவே சங்கத்து அல்பினா. மனுஷன் பெட்டியைத் திறக்கக்கூட இல்லை. எதிரே பூத்திருந்த மஞ்சள் பூக்களைப் பார்த்தபடி நின்றுவிட்டார். பூக்களுக்கு மேலே பழுப்பு நிறத்தில், மயிர் அடர்ந்த குண்டுப் பூச்சிகள் அந்தரத்தில் நின்று தேன் குடித்துக்கொண்டிருந்தன.

"ஏம்மா மிலோய்கா, என்ன இது? வெளியூர்ச் சரக்கா?"

"வாய்க்கு வந்தபடி பேசாதீங்கண்ணே."

"எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு? பழுப்பு! கலப்பு! உன் பெரிய ராணி ஈன்ற கலப்புதான் இது. அதைக் கொன்னுடு. வேற வழியில்ல."

நான் பெட்டிக்கு முன்னால் போய் மறித்து நின்றேன். என் பிழைப்பே அந்த ராணியை நம்பித்தான், நான் விற்கிற ராணிகளெல்லாம் அதன் மகள்கள். லுட்விக்கே எனக்குத் தந்தது. அவருடைய பேர்பெற்ற ராணியின் மகள். தாய் ராணி போன வருஷம் வயசாகிச் செத்துப்போனதாக அவர் ஊருக்குச் சொல்லியிருந்தார்.

நின்றால் மட்டும் ஆகுமா? காலித் தேன் சீசாவைக் கவிழ்த்து அந்தப் பழுப்பில் ஒன்றைப் பிடித்தேன். முகத்தில் ஊசிபோல நீண்ட குழல். தேனீ நாக்குபோல மடங்கவில்லை. கால்கள் நூல் நூலாக இருந்தன, தேனீயின் காலில் இருக்கும் மகரந்தம் சுமக்கும் கூடை இல்லை. இறக்கையின் முன்விளிம்பு நெடுகக் கறுப்புப் பட்டை. அதைக் கையில் எடுத்து மூடினேன். கொட்டவில்லை.

"இது ஈ அண்ணே. தேனீ வேஷம் போட்ட ஈ."

"யாருக்குக் காது குத்துற? ஆண் தேனீயுந்தான் கொட்டாது. அதுக்கும் கூடை கிடையாது."

அல்பினா சிரித்தாள். "மாட்டிக்கிட்டியா மிலோய்கா!"

பெட்டி வாசலில் செத்துக்கிடந்த ஆண் தேனீ ஒன்றை எடுத்து, ஊசிமுனையால் இறக்கையைப் பிரித்தேன். கொக்கி போட்டு ஒன்றாகத் தெரிந்தது, பக்கத்துக்கு இரண்டாகப் பிரிந்தது. கையிலிருந்ததைச் சீசாவில் போட்டு வெளிச்சத்தில் காட்டினேன். பக்கத்துக்கு ஒரே இறக்கை. பின்னிறக்கை இருக்கவேண்டிய இடத்தில் குண்டூசித் தலை மாதிரி ஒரு குமிழ், அவ்வளவுதான்.

"தேனீக்கு நாலு இறக்கை, ஈக்கு ரெண்டுதான். இப்ப சொல்லுங்க!"

லுட்விக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"போன வசந்தத்துல எங்க தோட்டத்துக்கும் இதான் வந்துச்சு," என்றார். "தலைவர் வீட்லயே கலப்பான்னு ஊர் சிரிக்குமேன்னு, என் ராணியை என் விரலாலயே நசுக்கிட்டேன். வயசாகியெல்லாம் சாகல அது."

அல்பினாவின் சிரிப்பு நின்றது. எனக்கு வந்திருந்த கோபமெல்லாம் எங்கே போனதோ! பாவம், மனுஷன். பெட்டியைத் திறந்து, பெரிய ராணி நடந்துகொண்டிருந்த தேனடைச் சட்டத்தை அவர் முன்னால் தூக்கிப் பிடித்தேன்.

"பாருங்க, உங்க ராணியோட பொண்ணு. இந்த வருஷம் பிறக்கிற முதல் ராணி உங்களுக்குத்தான்."

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. "என்னா நிறம்! எங்க வீட்டுச் சாம்பல்மா இது!"

"இல்லண்ணே," என்றேன் நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. "இப்ப எங்க வீட்டுச் சாம்பல்."