காகிதம் நுழையாத இடைவெளி

சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு நோலா மெக்ஸ்கிமிங் தன் காரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். கார் பதிலும் சொல்லிக்கொண்டிருந்தது.

ஜப்பானில் யாரோ ஓட்டி அலுத்து, கப்பலேறி நியூசிலாந்துக்கு வந்து சேர்ந்த சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இருக்கை. உள்ளே ஒரு பெண் குரல் குடியிருந்தது. ஜப்பானிய மொழியில் என்னவோ சொல்லும். நோலாவுக்கும் புரியாது, டனீடனில் அவள் தெருவில் வேறு யாருக்கும் புரியாது. ஆனால் என்ன மரியாதை, என்ன குழைவு. பல் டாக்டரின் வரவேற்பறைப் பெண்கூட அப்படிப் பேசமாட்டாள்.

இப்போதும் நோலா கிளட்ச்சை மிதித்துப் பொத்தானை அழுத்தியதும் ஸ்டியரிங்குக்கு அடியில் 'க்ர்ர்க்' என்று ஒரு முனகல். பூட்டுப் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்டியரிங் இம்மி அசையவில்லை. எஞ்சின் மூச்சுவிடவில்லை. குரல் மட்டும் இனிமையாக நாலு வார்த்தை பேசியது.

"பூட்டிக்கிட்டதும் நீ, திறக்க மாட்டேங்கறதும் நீ. இதுல எனக்கு உபசாரம் வேறயா?" என்றாள் நோலா.

அறுபத்தாறு வயதுப் பெண்மணிக்கு ஸ்போர்ட்ஸ் கார் எதற்கு என்று அவள் மகன் பெவன் கேட்காத நாளில்லை. நோலா பதில் சொன்னதில்லை. சொன்னால் அவனுக்கு விளங்கவா போகிறது? இருபத்தெட்டு வருஷம் அவள் ஓட்டுநர் உரிமம் கொடுக்கும் தேர்வு அதிகாரியாக இருந்தாள். இருபத்தெட்டு வருஷமும் ஊரார் கார்களில் இடப்பக்க இருக்கை. யாரோ ஒரு பயந்தாங்கொள்ளி வலப்பக்கம் உட்கார்ந்து உயிரை வாங்குவான்; இவள் இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்து வலது முட்டியைத் தேய்த்துக்கொண்டாள். ஓய்வு பெற்ற மறுவாரம் இந்தக் காரின் வலப்பக்கத்தில் தனியாக உட்கார்ந்து கடற்கரைச் சாலையில் போனபோது அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் இந்தக் குளிர்காலத்தில் கார் இரண்டு தடவை இப்படிக் கழுத்தறுத்துவிட்டது. இரண்டு தடவையும் இதே தெரு, இதே வீட்டு வாசல். இரண்டு தடவையும் டோ வண்டிக்காரன் வந்து முன்பக்கத்தைத் தூக்கி, மலையிலிருந்து இறக்கி, தெற்கே சமதரையில் இருக்கும் ரெவியின் மெக்கானிக் ஷெட்டில் கொண்டுபோய் விட்டான். அங்கே ரெவி பொத்தானை அழுத்தினானோ இல்லையோ, எஞ்சின் ஒரே உறுமல். ஸ்டியரிங் வெண்ணெயாகத் திரும்பியது. ரெவி நோலாவைப் பார்த்த பார்வையில், 'மேடத்துக்குப் பொத்தான் அழுத்தத் தெரியலையோ' என்று எழுதி ஒட்டியிருந்தது. முதல் தடவை சாவிக்குள் இருந்த குட்டி பேட்டரியை மாற்றினான். இரண்டாவது தடவை பெரிய பேட்டரியையும் பிரேக் ஸ்விட்சையும் மாற்றினான்.

அன்றைக்கு வாய்க்கொழுப்பில் பெவனிடம் சொல்லித் தொலைத்தாள்: "இன்னொரு வாட்டி டோ வண்டி வந்தா, நானே இதை வித்துடறேன். போதுமா?"

பெவனுக்கு அது தாராளமாகப் போதும். கோர் என்ற ஊர்ப் பக்கத்து ஆட்டுப் பண்ணைக்காரர் ஸ்ட்ரூவன் என்பவரைக் கையோடு பிடித்துவிட்டான். அவர் இன்று இரண்டு மணிக்குக் காரைப் பார்க்க வருகிறார். பார்க்கத்தான் வருகிறார் என்று பெவன் சத்தியம் பண்ணினான். பார்க்க வருபவர் எதற்காகப் பின்னால் டிரெய்லரை மாட்டிக்கொண்டு வருகிறார் என்று கேட்டதும் பேச்சை மாற்றினான்.

நோலா டோ வண்டிக்குப் போன் செய்யவில்லை. ரெவிக்குச் செய்தாள்.

"சனிக்கிழமை நான் மலை ஏற மாட்டேன் மேடம். ரெண்டரைக்கு மேட்ச் இருக்கு."

"சீஸ் ரோல் சூடா இருக்கு. ஒரு டஜன்."

"வெண்ணெய் தடவினதா?"

"ரெண்டு பக்கமும்."

அரை மணியில் ரெவியின் வேன் முனகிக்கொண்டே மலையேறி வந்து நின்றது. நாற்பது வயது, கதவை அடைக்கிற உடம்பு. அவனுக்கும் நோலாவுக்கும் பழைய கணக்கு ஒன்று உண்டு. பதினெட்டு வயதில் அவன் ஓட்டுநர் தேர்வுக்கு வந்தபோது நோலா அவனை இரண்டு தடவை தோற்கடித்திருந்தாள். இரண்டுக்கும் ஒரே காரணம், நோலாவின் தாள்.

அந்தத் தாளைப் பற்றி ஊரில் தெரியாதவர் கிடையாது. சரிவில் காரை நிறுத்தினால் முன் சக்கரத்தை நடைபாதைக் கல்லை நோக்கி ஒடித்துவைக்க வேண்டும், பிரேக் விட்டுப்போனாலும் கார் துறைமுகத்துக்கு உருண்டு போகாமல் கல் தாங்கிக்கொள்ளும். இது எல்லா ஊரிலும் உள்ள விதி. நோலா அதோடு விட்டாளா? கீழே இறங்கிக் குனிந்து, மதிப்பெண் தாளின் முனையை டயருக்கும் கல்லுக்கும் நடுவே செருகிப் பார்ப்பாள். தாள் நுழைந்தால் போச்சு. "வருத்தமா இருக்கு, அடுத்த தடவை பாக்கலாம்" என்று சிவப்பு மையில் சுழித்துக் கையில் கொடுத்துவிடுவாள். ரெவி அப்படி வாங்கிய தாளைச் சட்டம் போட்டு ஷெட்டில் டீக் கெட்டிலுக்கு மேலே மாட்டியிருந்தான். போன இரண்டு தடவையும் நோலா அதைப் பார்க்காத மாதிரியே டீ குடித்துவிட்டு வந்தாள்.

"என்ன சொல்றா இவ?" என்று ரெவி காரின் குரலைக் கேட்டு ஸ்டியரிங்கைத் தட்டினான்.

"யாருக்குத் தெரியும்? சாப்பிட்டியான்னு கேக்கறாளோ என்னவோ."

ரெவி ஒரு சீஸ் ரோலை வாயில் வைத்துக்கொண்டு வேலையில் இறங்கினான். பேட்டரியை மீட்டர் வைத்துப் பார்த்தான், திடமாக இருந்தது. நோலாவைப் பிரேக் மிதிக்கச் சொல்லிப் பின்னால் போய்ப் பார்த்தான். சிவப்பு விளக்கு பளிச்சென்று எரிந்தது. மாற்றுச் சாவியை வைத்துப் பார்த்தான். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெளிச்சத்தில் காட்டிப் பார்த்தான். கடைசியில் மல்லாந்து படுத்து ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை நுழைத்து, ரப்பர் சுத்தியலால் பூட்டுப் பெட்டியைச் செல்லமாகத் தட்டினான்.

"கிளட்ச்சை நான் கையால அழுத்திக்கறேன். நீங்க அந்தப் பக்க இருக்கையிலேர்ந்து பொத்தானை அழுத்துங்க."

க்ர்ர்க்.

"செல்லம் போதாது போல" என்று பலமாகத் தட்டினான்.

க்ர்ர்க். குரல் மறுபடியும் மரியாதையாக ஏதோ சொன்னது.

மணி ஒன்று பத்து.

"மேடம், பூட்டு நல்லாத்தான் இருக்கு" என்றது அடியிலிருந்து ரெவியின் குரல். "உள்ள ஒரு சின்ன மோட்டார் இருக்கு. அது தாழ்ப்பாளைப் பின்னால இழுக்கணும். இழுக்குது, சத்தம் கேக்குதில்ல? ஆனா தாழ்ப்பாள் வரல. நாம கதவுல சாய்ஞ்சுகிட்டே தாழ்ப்பாளைத் திறந்தா வருமா? அந்த மாதிரி. எதுவோ ஸ்டியரிங்கை ஒரு பக்கமா நெருக்கிப் பிடிச்சிருக்கு. பூட்டின ஸ்டியரிங் கொஞ்சமாவது ஆடும். இது கல்லு மாதிரி நிக்குது. எது நெருக்குதுன்னுதான் பிடிபடல. கீழ என் ஷெட்டுல நெருக்கல. இங்க மட்டும் நெருக்குது."

'இங்க மட்டும்' என்று நோலா தனக்குள் சொல்லிப் பார்த்தாள்.

மெதுவாக இறங்கி, காரைச் சுற்றி முன்பக்கம் வந்தாள். கார் சரிவைப் பார்த்து நின்றது. இடது முன் சக்கரம் கல்லை நோக்கி ஒடிந்து, அந்தச் சரிவில் காரின் பாரம் முழுக்க அதன்மேல் சாய்ந்து, டயர் கல்லில் அழுந்திப் பிதுங்கிக்கொண்டிருந்தது. பார்க்க அழகான நிறுத்தம். நூற்றுக்கு நூறு. நேற்று மாலை அவளே கையில் பால் ரசீதை வைத்துக்கொண்டு குனிந்து செருகிப் பார்த்திருந்தாள். நுழையவில்லை. திருப்தியாகத்தான் வீட்டுக்குள் போனாள்.

கல் டயரைத் தள்ளுகிறது. டயர் ஸ்டியரிங்கைத் தள்ளுகிறது. ஸ்டியரிங் தாழ்ப்பாளை நெரிக்கிறது; கார் கூடுதலாகச் சாய்ந்த நாளில் தாழ்ப்பாள் மாட்டிக்கொள்கிறது. டோ வண்டி முன்பக்கத்தைத் தூக்கியதும் நெரிசல் விட்டுப்போகிறது. சமதரையில் எல்லாம் சரியாகிவிடுகிறது. கோளாறு காரில் இல்லை.

ரெவிக்கு இன்னும் தெரியாது. தலை உள்ளே இருக்கிறது. சொல்லாமலே தப்பிக்க வழி உண்டா என்று நோலா யோசித்தாள். அவள் அப்படிப்பட்டவள்தான், பிடித்த பிடியை லேசில் விடமாட்டாள். கியரை விடுவித்து, கைப்பிரேக்கை இறக்கி, காரை ஒரு சாண் பின்னால் மேட்டுப்பக்கம் தள்ளினால் போதும். இரண்டையும் சத்தமில்லாமல் செய்துவிட்டு வந்து, முன்பக்கம் கையை வைத்து ஒரு தள்ளு தள்ளினாள். கார் அவளை ஏறிட்டும் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து பெவனின் கார் வந்தது. அதன் பின்னாலேயே ஸ்ட்ரூவனின் டிரெய்லர் கடகடவென்று வந்து நின்றது. மணி ஒன்று முப்பத்தைந்துதான்.

"சீக்கிரம் வந்துட்டாரும்மா" என்றான் பெவன். முகத்தில் அப்படி ஒரு மலர்ச்சி. "ஸ்டார்ட் ஆகல போலிருக்கே?"

"டோ வண்டி வந்துதா? வரலல்ல? அப்ப வாயை மூடு."

ஸ்ட்ரூவன் தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்லிவிட்டு, காரை ஆடு பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் குனிந்து பார்த்தார். பல்லைப் பிடித்துப் பார்க்காததுதான் குறை.

"மூணு பேரும் முன்னால வந்து வண்டியை ஒரு சாண் மேல தள்ளுங்க" என்றாள் நோலா.

ரெவி தலையை வெளியே எடுத்தான். "எதுக்கு மேடம்?"

"சும்மா. ஒரு ராசிக்கு."

"இருபத்தெட்டு வருஷத்துல நீங்க ராசி பாத்து நான் கேள்விப்பட்டதில்லையே."

"சொன்னா தள்ளேன்ப்பா."

"காரணம் தெரியாம வண்டியைத் தொட மாட்டேன். நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா என் தலைதான் உருளும்."

பெவன் டிரெய்லரின் பலகையை இறக்கப் போனான். அந்தப் பலகை தெருவில் 'டணார்' என்று விழுந்த சத்தத்தில் நோலாவின் வீம்பு உடைந்தது. கடற்கரைச் சாலையும் வலப்பக்க இருக்கையும் கண்முன் வந்து போயின.

"கல்லுல அழுந்தி நிக்குது" என்றாள், தரையைப் பார்த்துக்கொண்டே.

"என்ன சொன்னீங்க?"

"டயர். கல்லுல சாய்ஞ்சு நிக்குது. அதான் தாழ்ப்பாளை நெருக்குது. நான்தான் அப்படி நிறுத்தினேன். தாள் நுழையாத மாதிரி."

ரெவி எழுந்து வந்து டயரைப் பார்த்தான். கல்லைப் பார்த்தான். நோலாவைப் பார்த்தான். சிரிக்கவில்லை, சிரிப்பை அடக்கியதில் அவன் காது சிவந்துபோனது. "கொஞ்சம் இடைவெளி விட்டிருந்தா இந்தத் தொல்லையே இல்லன்னு சொல்றீங்க."

"ஆமா."

"ஒரு தாள் நுழையற அளவுக்கு."

"ஆமான்னு சொல்றேன்ல. தள்ளு."

நோலா உள்ளே உட்கார்ந்தாள். ரெவியும் பெவனும் முன்னால் வந்து குனிந்தார்கள். கார் அசைந்து கொடுத்தது, ஏறவில்லை. "ஒரு கை குடுங்களேன்" என்று ரெவி ஸ்ட்ரூவனைக் கூப்பிட்டான். பாவம், நல்ல மனுஷர். வாங்க வந்த காரை வாங்க முடியாமல் பண்ணுவதற்காகத் தாமே தோளைக் கொடுத்தார். மூன்று பேரும் ஹூம் என்று மூச்சைப் பிடிக்க, கார் ஒரு சாண் ஏறியது. நோலா கைப்பிரேக்கைச் சட்டென்று இழுத்தாள். கிளட்ச்சை மிதித்துப் பொத்தானை அழுத்தினாள்.

ட்டக். மஞ்சள் விளக்கு அணைந்தது. எஞ்சின் உறுமிய உறுமலில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. நோலா வாய்விட்டு அழுதுவிடுவாள் போலிருந்தது. அழவில்லை. ஹாரனை ஒரு தடவை அடித்தாள்.

"இவ்வளவு நல்லா ஓடற வண்டியா?" என்று ஸ்ட்ரூவன் மூச்சு வாங்கிக்கொண்டே கேட்டார். "அப்ப நான் எடுத்துக்கறேன்."

"விக்கறதுக்கில்ல. சீஸ் ரோல் எடுத்துக்கோங்க" என்றாள் நோலா. பெவன் பலகையைத் தூக்கி மாட்டினான்.

ரெவி இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்தான். அவன் உட்கார்ந்ததும் கார் அந்தப் பக்கம் சாய்ந்தது. "போங்க மேடம். ஒரு சுத்து சுத்திட்டு இதே எடத்துல வந்து நிறுத்துங்க."

"உனக்கு மேட்ச் இல்லையா?"

"இதுதான் மேட்ச்."

ஒரு சுற்று போய் வந்தாள். அதே வாசல். சக்கரத்தை ஒடித்தாள். கல்லை நெருங்கும்போது பழக்க தோஷத்தில் கால் பிரேக்கை விடப் பார்த்தது, அழுத்திப் பிடித்தாள். கல்லைத் தொடுவதற்கு முன்னாலேயே கைப்பிரேக்கை இழுத்தாள்.

ரெவி சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனான். காலையில் போன் வந்ததும் இவளை வம்புக்கிழுக்கலாம் என்று சட்டத்திலிருந்து கழற்றி எடுத்து வந்திருக்கிறான். நோலாவுக்குத் தூரத்திலேயே தன் சிவப்புச் சுழி தெரிந்தது. அவன் குனிந்தான். கண்ணாடி வழியாக முதுகு மட்டும்தான் தெரிந்தது. நோலா ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு அவன் நிமிரக் காத்திருந்தாள். வலப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்கு இப்படித்தான் இருந்திருக்குமா? இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இதை ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

ரெவி நிமிர்ந்து வந்து ஜன்னலில் குனிந்தான். தாளில் டயர்க் கறுப்புகூட ஒட்டவில்லை.

"நுழைஞ்சுது" என்றான்.

"அப்ப?"

"என்னைக் கேட்டா? அதிகாரி நீங்கதான். ரெண்டாம் வாட்டி நீங்க இதைக் கையில குடுத்ததும் ஆறு மாசம் எங்க அக்காவோட ரோஸ் கலர் சைக்கிள்ல இந்த மலை ஏறி வேலைக்குப் போனேன். ஊரே பாத்துச்சு."

நோலா கைப்பையைத் துழாவினாள். ஓய்வு பெற்றும் சிவப்புப் பேனாவை அவள் விடவில்லை. தாளை ஸ்டியரிங்மேல் வைத்து, 'தோல்வி' என்ற சொல்லை ஒரு கோட்டால் அடித்து, பக்கத்தில் 'தேர்ச்சி' என்று எழுதி, இன்றைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டாள்.

"வருத்தமா இருக்கு, ரெவி" என்றாள். இந்தத் தடவை நிஜமாகவே வருத்தமாக இருந்தது. "இதை எங்க மாட்டப் போற?"

"அதே எடத்துலதான். அடுத்த வாட்டி டீ குடிக்கறப்ப நிமிர்ந்து பாருங்க."

எஞ்சினை நிறுத்தினாள். ஸ்டியரிங் 'ட்டக்' என்று பூட்டிக்கொண்டது. குரல் மரியாதையாக நாலு வார்த்தை சொன்னது.

"சரிம்மா, சரி" என்றாள் நோலா. "தப்பு என்மேலதான்."